சுபத்ரா பஸ் ஏறுவது சம்பந்தமாக

மனிதனுக்கு ஒரு வேலை இருக்க வேண்டும், வேலைக்கு வெளியே ஒரு வாழ்க்கையும் இருக்க வேண்டும், இரண்டும் தராசுத் தட்டுகளைப் போலச் சமமாக நிற்க வேண்டும் என்று தேயிலைக் கம்பெனியின் தலைமை அலுவலகம், கோலாலம்பூரில் ஓர் உயரமான மாடியில், ஒரு திங்கட்கிழமை கண்டுபிடித்தது. மறுநாளே அந்தக் கண்டுபிடிப்பு கேமரன் மலைக்கு வந்து சேர்ந்தது. அதுவரை மலையில் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வந்தது ஒரு கேள்வித்தாள். அதில் கேள்வி ஒன்றுதான். 'வேலை நேரத்துக்கு வெளியே தங்களுக்குள்ள விருப்பமான பழக்கம் யாது?'

தொழிற்சாலை வாசலில் போட்ட வரிசையில் முதலில் நின்றவர் லாரி ஓட்டும் கருப்பையா. மனிதர் கொஞ்சம் யோசித்தார். 'தூக்கம்' என்று எழுதினார். தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆபீஸிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் முதல் ஆள் எழுதியதை எட்டிப் பார்த்து அடுத்தவர் எழுதுவார். அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். மாட்டினால் எல்லாரும் சேர்ந்தே மாட்டுவோம், தனியாக மாட்ட வேண்டாம் என்பது அதன் உட்பொருள். ஆகவே கொழுந்து வெட்டுகிறவர்கள், மெஷின் பார்ப்பவர்கள், நேப்பாளத்துப் பையன்கள், வங்காளதேசத்துப் பையன்கள் எல்லாரும் வரிசையாகத் தூக்கத்தையே எழுதினார்கள். வாட்ச்மேனும் அதையே எழுதி, 'வேலை நேரத்துக்கு வெளியே' என்பதை மட்டும் ஜாக்கிரதையாக அடிக்கோடிட்டுவிட்டுப் போனார்.

வழக்கத்தை மீறியவர் ஒரே ஒருவர், கொழுந்து நிறுக்கும் தோமஸ் கிராணி. தோட்டத்தில் குமாஸ்தாவுக்குக் கிராணி என்று பெயர். அவர் 'கதை எழுதுவது' என்று எழுதினார். ஆபீஸ் தாளில் உண்மையை எழுதக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு ஏதோ ஞாபகத்தில் எழுதிவிட்டார்.

தோமஸ் கிராணியின் வேலை இப்படி: மலையிலிருந்து லாரி கொழுந்து கொண்டுவரும். அவர் நிறுப்பார், உள்ளே அனுப்புவார். பிறகு லாரி மறுபடி மேலே போய், வளைந்து வளைந்து இறங்கி வரும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார். அந்தச் சும்மாவில்தான் வருஷக்கணக்காகக் கதை எழுதிவந்தார். கிழிந்த தேயிலைக் காகித மூட்டையின் உள்பக்கம்தான் காகிதம். பனியில் பேனா மை ஊறிப் பரவும் என்பதால் பென்சில். லாரி கடைசி வளைவுக்கு வந்ததும் கருப்பையா நீளமாக ஒரு ஹாரன் கொடுப்பார். 'கதையை மடித்து வை' என்று அதற்கு அர்த்தம். கதை சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் கருப்பையா வேண்டுமென்றே இரண்டாவது கியரில் வருவார். இப்படிக் கம்பெனிக்கும் நஷ்டமில்லாமல், கதைக்கும் நஷ்டமில்லாமல் ஒரு காரியம் நடந்துவந்தது. அது சமநிலை என்பது இருவருக்குமே தெரியாது.

அந்தச் சமயம் அவருடைய தொடர்கதை ஒன்று ஞாயிறு பேப்பரில் வந்துகொண்டிருந்தது. கதாநாயகி சுபத்ரா, தோட்டத்து லைன் வீட்டுப் பெண். மாமன் மகனைக் கட்டச் சொல்கிறார்கள், அவளுக்கு இஷ்டமில்லை. விடியற்காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு தானா ராத்தா பஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். மழை கொட்டுகிறது. பஸ் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. அந்த இடத்தில் அந்த வாரம் முடிந்தது. இன்னும் ஒரே ஓர் அத்தியாயம். அதன் கடைசி வரிகூடத் தோமஸ் மனதில் தயாராக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மகேன் வந்தார். தலைமை அலுவலகத்தின் சமநிலை அதிகாரி. வயது முப்பதுக்குள். சட்டைப் பையில் இரண்டு தட்டுத் தராசு போட்ட ஒரு பேட்ஜ். பேச்சின் முடிவில் ஊர் வழக்கப்படி ஒரு 'லா'.

"கங்கிராட்ஸ் மிஸ்டர் தோமஸ்! மொத்தத் தோட்டத்துலயும் ஹாபி உள்ள ஒரே ஸ்டாஃப் நீங்கதான். மத்தவங்க எல்லாம் தூங்குறாங்க லா."

"அவங்களுக்குக் களைப்பு தம்பி."

"நீங்க எப்ப எழுதுவீங்க?"

"லாரிக்கும் லாரிக்கும் நடுவுல."

மகேனின் முகம், வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தவர் முகம் போல ஆனது.

"அது வேலை நேரமாச்சே?"

"வேலை நேரம்தான். ஆனா அப்ப வேலை இல்ல."

"அப்படி ஒரு நேரம் எங்க சிஸ்டத்துல இல்லையே அங்கள்."

"ஒங்க சிஸ்டத்துல மலை இருக்காது தம்பி. லாரி ஏறி எறங்கணும்ல?"

மகேன் நோட்டில் குறித்துக்கொண்டார். "பிரச்சினை பெருசா இருக்கு. ஒங்க வாழ்க்கை ஒங்க வேலைக்குள்ள கலந்து கெடக்கு. ரெண்டும் கலந்துட்டா எதை எதோட பேலன்ஸ் பண்றது? முதல்ல பிரிக்கணும். பிரிச்சாத்தான் சமமா வைக்க முடியும்."

தோமஸ் தன் தராசைப் பார்த்தார். தரையோடு பதித்த ஒற்றை இரும்புத் தட்டு. "இப்பல்லாம் தராசுக்கு ஒரே தட்டுதான் தம்பி."

"இது ஒரு சின்னம் லா, அங்கள்," என்று மகேன் பேட்ஜைத் தொட்டுக் காட்டினார்.

பிரிக்கும் பணி உடனே தொடங்கியது. லாரிக்கும் லாரிக்கும் நடுவில் இனிக் கதை எழுதக் கூடாது. அதற்குப் பதிலாக, வேலை முடிந்த பிறகு ஒரு மணி நேரம், கம்பெனி செலவில், அதற்கென ஒதுக்கப்பட்ட அறையில் தோமஸ் எழுதுவார். பழைய முதலுதவி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து 'எழுத்தாளர் நல்வாழ்வு அறை' என்று பலகை மாட்டினார்கள். ஸ்ட்ரெச்சரை மட்டும் எடுக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்றார்கள்.

முதல் நாள் அவர் ஆவலோடு போய் உட்கார்ந்தார். பென்சிலை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் அங்கள்," என்றார் மகேன். "அது கூர்மையான பொருள். பாதுகாப்புப் பிரிவு ஒருதடவை பாத்துச் சொல்லணும்."

பாதுகாப்புப் பிரிவு பார்த்தது. மழுங்கிய முனையோடு பயன்படுத்தலாம் என்று அனுமதித்தது. சீவும் பிளேடு ஸ்டோர் பூட்டுக்குள் போயிற்று. தொழிற்சாலைக் கட்டடத்துக்குள் இருப்பதால் எழுதும்போது ஆரஞ்சு நிற உடுப்பும் தொப்பியும் அணிய வேண்டும் என்று முடிவானது. எழுதத் தொடங்குமுன் மனத்தைத் தயார்செய்ய மூச்சுப் பயிற்சி. எழுதி முடித்த பிறகு எப்படி உணர்கிறீர்கள் என்று ஓர் அறிக்கை. மூச்சுப் பயிற்சிக்கும் அறிக்கைக்கும் நடுவில் மிஞ்சிய நேரத்தில், முந்தைய நாள் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று ஒரு விளக்கம்.

பகலில் லாரிக்காகக் காத்திருக்கும் நேரம் வீணாகக் கூடாதல்லவா? அதற்கு ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். அதில் சமநிலை பற்றிய வீடியோக்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாள் கடற்கரையில் காலை மடக்கி உட்கார்ந்து, வேலையை மறந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவள் சொன்னதைக் கேட்டு தோமஸ் ஒரு லாரிக் கொழுந்தை நிறுக்காமலே உள்ளே அனுப்பிவிட்டார். அதிலிருந்து விட்டுப்போன கணக்கை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

ஆக, வேலை நேரத்தில் வாழ்க்கையைப் பற்றிப் படித்தார். வாழ்க்கை நேரத்தில் அறிக்கை எழுதினார். வீட்டில் வேலை பார்த்தார். சுபத்ரா மழையில் நின்றாள்.

ஞாயிறு பேப்பரில், 'எழுத்தாளரின் உடல்நலக் குறைவு காரணமாக இந்த வாரம் தொடர் இடம்பெறவில்லை' என்று போட்டார்கள். பத்திரிகைகளில் இது வழக்கம். அத்தியாயம் வராவிட்டால் எழுத்தாளருக்குக் காய்ச்சல்.

தோமஸின் மனைவி தெரசம்மாள் கியா பார்மில் ஒரு ஸ்ட்ராபெரி கடையில் நிற்கிறவர். மாலையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

"ஏங்க, ஒங்களுக்கு என்னா சீக்குனு ஆளாளுக்குக் கேக்குறாங்க."

"நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"அதத்தான் நானும் சொன்னேன். நம்ப மாட்டேங்குறாங்க. பேப்பர்ல வந்துருச்சாமில்ல. கோயில்ல பாதர் ஒங்க பேரச் சொல்லி வேண்டிக்கிட்டாரு. நானும் முட்டி போட்டேன்."

"நீயுமா?"

"சுத்தி எல்லாரும் பாக்குறாங்க, என்னா பண்றது? சரி, அந்தப் புள்ள பஸ் ஏறுமா ஏறாதா? எங்கிட்டயாவது சொல்லுங்க."

"எழுதுனாத்தான் தெரியும்."

"ஆமா, பெரிய ராணுவ ரகசியம்," என்று தெரசம்மாள் ஓர் ஆரஞ்சை உரித்து, நோயாளிக்குக் கொடுப்பதுபோல ஒவ்வொரு சுளையாகக் கொடுத்தார்.

தானா ராத்தாவில் மைதீன் பாயின் சாப்பாட்டுக் கடை பஸ் ஸ்டேஷனுக்கு எதிரில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பார், கடையே கேட்கும். தோமஸ் உள்ளே நுழைந்ததும், தே தாரேக் என்னும் நுரை டீயை ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"கிராணியாரே, அந்தப் புள்ள இன்னும் மழையிலதான் நிக்குதா?"

"நிக்குது பாய்."

"ஒரு கொடையாச்சும் குடுத்திருக்கக் கூடாது? மழை பேஞ்சா என்னையறியாம ஸ்டேஷனை எட்டிப் பாக்குறேன். நேத்து ஒரு பொண்ணு பெட்டியோட நனைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. மனசு கேக்கல. கூப்பிட்டு உக்கார வெச்சு ரொட்டி சானாய் குடுத்து, ஊருக்குப் போம்மா, மாமன் மகன் வேணாம்னு புத்தி சொன்னேன்."

"அப்புறம்?"

"அது ஜப்பான்காரி. போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிருச்சு."

அந்த வாரம் விஷயம் இன்னொரு படி ஏறியது. கதை இப்போது கம்பெனி அறையில், கம்பெனி நேர ஒதுக்கீட்டில் எழுதப்படுவதால் அது கம்பெனி நடவடிக்கை ஆகிறது. ஆகவே, சுபத்ரா பஸ் ஏறுவது சம்பந்தமாக ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. தலைமை அலுவலகத்தார் திரையில் தெரிந்தார்கள். தோட்டத்துத் துரை நாற்காலியில் இருந்தார். இன்னும் சில மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். எந்தக் கூட்டத்திலும் தலையை ஆட்டுவதோடு சரி.

"சுபத்ரா பஸ் ஏறினா, மலையில இளைஞர்களுக்கு எதிர்காலம் இல்லன்னு அர்த்தமாயிரும்," என்றது திரை.

"அப்ப ஏறாம விட்டுரலாமா?" என்றார் மகேன்.

"ஏறலைன்னா தோட்டத்துல பெண்களுக்கு சுதந்திரம் இல்லன்னு அர்த்தமாகும். அது இன்னும் மோசம்."

"அவ ஏன் மழையில நிக்கிறா? நம்ம தோட்டத்துப் பிள்ளைன்னு வேற எழுதியிருக்கு. சளி பிடிச்சா யார் பொறுப்பு?" என்று பாதுகாப்புப் பிரிவு கேட்டது.

தோமஸ் மெதுவாகக் கையைத் தூக்கினார். "சார், அது கதை."

"அதனாலதான் அங்கள் கவலை," என்றார் மகேன். "நிஜம்னா யாரும் கவனிக்க மாட்டாங்க."

இறுதியில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: 'மறு அறிவிப்பு வரும்வரை சுபத்ரா பஸ் ஸ்டேஷனிலேயே நிற்பார். இடைக்கால ஏற்பாடாக அவருக்குக் கூரைக்கடியில் இடம் வழங்கப்படும்.' துரை தலையை ஆட்டினார்.

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். அடுத்த ஞாயிறுக்குள் கடைசி அத்தியாயம் வராவிட்டால் தொடரை அப்படியே நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் முடி உதிர்வதற்குக் கைவைத்தியம் போடப்போவதாகச் சொன்னார். அதற்குத்தான் வாசகர் கடிதம் அதிகமாம். தோமஸ் கலங்கிப்போய் மகேனிடம் ஓடினார். இன்று ஒருநாள், ஒரே ஒருநாள், லாரிக்கும் லாரிக்கும் நடுவில் எழுதிக்கொள்கிறேன் என்றார்.

"மறுபடியும் கலக்கப் பாக்குறீங்களே! கவலைப்படாதீங்க அங்கள். டீம் பாத்துக்கும்."

டீம் பார்த்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தோமஸ் பெயரோடு கடைசி அத்தியாயம் வந்துவிட்டது. சுபத்ரா பஸ்ஸில் ஏறுகிறாள். அது மின்சார பஸ். டிரைவர் இருக்கைப் பட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். ஜன்னல் வழியே பச்சை மலைகள் தெரிகின்றன. அவள் மனத்தில் ஓர் ஒளி பிறக்கிறது. அடுத்த ஊரான ரிங்லெட்டில் இறங்கி, எதிர் பஸ்ஸில் திரும்பி வந்து, அதே தோட்டத்தில் நல்வாழ்வு ஒருங்கிணைப்பாளர் ஆகிறாள். மாமன் மகன் மனம் திருந்தி யோகா கற்றுக்கொள்கிறான். அதை யார் எழுதியது என்று கேட்டதற்கு மகேன், "டீம்," என்றார். டீமில் எத்தனை பேர் என்றதற்கு, "ஆள் யாரும் இல்ல, அங்கள். கம்ப்யூட்டர்தான்," என்றார்.

தோமஸ் அன்று முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தானா ராத்தாவுக்குப் போனார். மைதீன் பாய் கரண்டியால் அடிப்பார் என்றே நினைத்தார்.

"கிராணியாரே!" பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டார். "இதுதான் கதை! என்னமா முடிச்சிட்டீங்க! கடையில தண்ணி வராத கண்ணு ஒண்ணு இல்ல."

அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த கருப்பையா கையை நக்கிக்கொண்டு சொன்னார்: "அந்த யோகா எடம் சூப்பர் கிராணி. இத்தன வருஷமா எழுதுறீங்க, இப்பத்தான் ஒங்களுக்கு எழுத வந்திருக்கு. இதுக்காகவா நான் ரெண்டாவது கியர்லயே வந்துக்கிட்டிருந்தேன்?"

தோமஸ் தே தாரேக்கைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். தெரசம்மாள் மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "முடிவு நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம சுபத்ரா இப்படியெல்லாம் பேசாதே?" என்றார். அன்றிரவு தோமஸுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

எழுத்துத் திட்டம் மாபெரும் வெற்றி என்று தலைமை அலுவலகம் அறிவித்தது. தோமஸுக்கு ஒரு தராசுச் சிலை பரிசாக வந்தது. மலை ஏறி வரும் வழியில் ஒரு தட்டு கழன்றுபோயிருந்தது. ஒரு பழக்கத்தை இவ்வளவு வெற்றிகரமாக வளர்த்த பிறகு கம்பெனி சும்மா இருக்க முடியுமா? இரண்டாம் கட்டம் அறிவிக்கப்பட்டது. கேள்வித்தாள்களைப் புரட்டிப் பார்த்ததில், தோட்டத்தின் ஏனைய அனைவருக்கும் ஒரே பழக்கம் இருப்பது தெரியவந்தது.

மறுவாரம் முதல், வேலை முடிந்ததும் அனைவரும் ஒரு மணி நேரம் தூங்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவ்வளவு பேருக்கு இடம் கொழுந்து வாட்டும் மாடியில்தான் இருந்தது. பச்சைக் கொழுந்தை ஈரம் போகப் பரப்பிவைக்கும் இடம். கொழுந்து ஒரு பக்கமும் ஆட்கள் ஒரு பக்கமுமாக வரிசையாகப் பரப்பப்பட்டார்கள். எல்லார் கையிலும் ஒரு பட்டை. தூங்கினால் பச்சை விளக்கு, தூங்காவிட்டால் சிவப்பு. சிவப்பு எரிந்தவர்களுக்கு வெள்ளைக்கார அம்மாளின் வீடியோ.

ஏற்கனவே சமநிலை அடைந்தவர் என்ற முறையில் தோமஸ் மேற்பார்வையாளர் ஆக்கப்பட்டார். அவர் தூங்க வேண்டியதில்லை. மற்றவர்கள் தூங்குகிறார்களா என்று நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

யாரும் தூங்கவில்லை. மாடி முழுக்கச் சிவப்பு எரிந்தது. உத்தரவுப்படி கண்ணை மட்டும் மூடிக்கொண்டு கிடந்தார்கள்.

"கிராணி," என்றார் கருப்பையா, கண்ணைத் திறக்காமலே. "நான் எழுதுனதப் பாத்துத்தான் எல்லாரும் எழுதுனாங்களாம். நேப்பாளிப் பயலுக என்னையப் பாத்து மொறைக்கிறானுங்க."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"அப்படித்தான் கிராணி."

வரிசை வரிசையாக மூடிய கண்கள். லாரி வராது. அவருக்கு வீடியோவும் இல்லை. கேட்பாரில்லை. தோமஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் ஒரு கிழிந்த காகித மூட்டை கிடந்தது. சட்டைப் பையில் மழுங்கிய பென்சில் இருந்தது. கடைசி வரி மனதில் இன்னும் அழியாமல் இருந்ததைக் கண்டு அவருக்கே ஆச்சரியம்.

அந்த வாரம் முழுவதும் எழுதினார். மழையை எழுதினார். பஸ் கதவுக்கும் சுபத்ராவின் காலுக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடைவெளியை மட்டுமே மூட்டையின் ஒரு பக்கம் முழுக்க எழுதினார். தான் எழுதியதிலேயே இதுதான் நல்லது என்று அவருக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மகேன் வேர்த்து விறுவிறுத்து மாடிக்கு வந்தார். ஒரு பச்சை விளக்குகூட எரியவில்லை என்று தலைமை அலுவலகம் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தது. "தயவுசெஞ்சு தூங்குங்க லா! என் வேலையே போயிரும்!" என்று ஒவ்வொருவர் காதிலும் கெஞ்சினார். இருந்த தூக்கமும் போயிற்று.

"கிராணி, சும்மா கெடக்க சலிப்பா இருக்கு," என்றார் கருப்பையா. "கையில என்னமோ வெச்சிருக்கீங்களே, அதையாச்சும் படிங்க."

தோமஸ் எழுந்து நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அவர் வாழ்க்கையில் இத்தனை பேர் முன்னால் படித்ததில்லை. முதல் பத்தியில் மழை தொடங்கியது. கருப்பையாவின் கையில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. தோமஸ் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாவது பக்கத்தில் ஒரு வரிசை பச்சையாயிற்று. தமிழ் தெரியாத நேப்பாளத்துப் பையன்கள் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள். பஸ் கதவு திறக்கும் இடத்தில் அவர்களும் சாய்ந்தார்கள். கடைசி வரியைக் குரல் உடைய வாசித்துவிட்டுத் தோமஸ் நிமிர்ந்தபோது, மாடி முழுவதும் தீபாவளி போலப் பச்சை விளக்கு. தூண் ஓரத்தில் காலில் கிடந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மகேன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. 'தாங்கள் வாசித்த பகுதி மிகச் சிறந்த பலனைத் தந்துள்ளதாக அறிகிறோம். இனி லாரிக்கும் லாரிக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தாங்கள் இதற்கே பயன்படுத்திக்கொள்ளலாம். இதே தரத்தில் தொடர்ந்து எழுதி வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' இத்தனை வருஷத்தில் அவரை எழுதச் சொல்லி வந்த முதல் கடிதம். தெரசம்மாள் அதற்குக் கண்ணாடி போட்டு, தட்டுக் கழன்ற தராசுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அந்த வாரமே மைதீன் பாய் தோட்டத்துக்குத் தேடி வந்துவிட்டார்.

"கிராணியாரே, கடைப் பாக்கி கேக்க வரல. எனக்கும் ரொம்ப நாளா ராத்திரியில தூக்கம் கெடையாது. அந்த மூட்டைக் காகிதத்தைக் கொஞ்சம் குடுங்க."

தோமஸ் எடுத்துக் கொடுத்தார். பாய் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார்.

"பேப்பர்ல வந்தது இருக்கட்டும், இந்தக் காகிதத்துல அந்தப் புள்ள பஸ் ஏறிச்சா இல்லையான்னு மட்டும் இப்ப சொல்லிராதீங்க. அது தெரிஞ்சா எனக்குத் தூக்கம் போயிரும்."